என் முட்டிக்காக அம்மா விட்ட மீன்

முட்டிக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. முட்டி நார் அறுந்தவர்களில் பலர் இந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்வார்கள். உங்களுக்கும் கேட்டிருக்கலாம், அதனால்தான் இதைப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

திருவொற்றியூரில் எங்கள் குப்பத்துப் பெண்கள் கபடி அணியில் நான் பாடிப் போகிற ஆள். கோட்டைத் தாண்டி எதிரணிக்குள் தனியாகப் போய், யாரையாவது தொட்டுவிட்டுப் பிடிபடாமல் திரும்ப வேண்டும். அன்றைக்கு என்னை யாரும் பிடிக்கக்கூட இல்லை. திரும்புவதற்காக இடது காலை ஊன்றிச் சுழன்றேன். உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை.

அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து வந்து மார்க்கெட்டில் விற்கிறவள். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே காமாலையில் போய்விட்டார். வீட்டில் எந்த நோய்க்கும் முதல் டாக்டர் அம்மாதான். முட்டியை இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "சுளுக்குடி, வேற ஒன்னியும் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

காலடிப்பேட்டையில் ஒரு அக்கா இருக்கிறார். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு ஓடிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சில நாள் காலையில் வெறும் வயிற்றோடு போய் மிதி வாங்கிக்கொண்டு வந்தேன். வீக்கம் வடிந்தது. வீக்கம் தானாகவே வடியும் என்பது எங்களுக்குத் தெரியாது. அக்காவுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துவிட்டு மறுபடி ஆடப் போனேன். விழுந்தேன். இந்த முறை என்னால் எழுந்திருக்க முடியவில்லை. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் வேலை செய்யும் என் தம்பி ஓடிவந்து, தூக்கி ஆட்டோவில் போட்டான்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் இரண்டு பெயர்கள் சொன்னார். ஒன்று ஏசிஎல் (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் குறுக்காகக் கட்டிப் பிடித்திருக்கும் நார்). அது முழுக்க அறுந்திருந்தது. இன்னொன்று மெனிஸ்கஸ் (இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு). அது ஓரத்தில் கிழிந்திருந்தது.

"மிதிச்சதால கிழிஞ்சிச்சா டாக்டரு?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. நார் மொத நாளே அறுந்திருக்கும். ஆனா வீக்கம் வத்திடுச்சேன்னு திரும்ப ஆடினாங்க பாருங்க, அதுலதான் மெனிஸ்கஸ் கிழிஞ்சிருக்கணும்."

டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார். அம்மா முதல் வார்த்தையை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, "நாந்தான உன் காலக் கெடுத்தேன்" என்றாள். இல்லை என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். முட்டியில் சத்தம் கேட்டு, வீங்கி, பிறகு நடக்கும்போது கால் நழுவுவதுபோல இருந்தால் யாரிடமும் மிதி வாங்காதீர்கள். நேராக எலும்பு டாக்டரிடம் போங்கள்.

ஆபரேஷன் அன்று என்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அம்மா கூடவே நடந்து வந்தாள். தியேட்டர் கதவுக்கு முன்னால் என் தலையில் கை வைத்து, அம்மனிடம் பேசுவதுபோல மேலே பார்த்துச் சொன்னாள்: "இவ மறுபடி கோடு தாண்டிப் பாடிட்டு வர்ற வரைக்கும் நா மீனு வாயில வெக்கமாட்டேன்."

மூன்று வேளையும் மீன் இல்லாமல் சோறு இறங்காத பெண்பிள்ளை அவள். கருவாட்டையாவது சுட்டுக்கொண்டுதான் உட்காருவாள். தள்ளிக்கொண்டு வந்த ஊழியர்கூடச் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. மயக்க மருந்து ஏறுவதற்கு முன் கடைசியாக நினைத்தது, இவள் எத்தனை நாள் தாங்குவாள் என்றுதான்.

என் தொடையின் பின்பக்கத்திலிருந்தே நார் எடுத்து முட்டிக்குள் பொருத்தினார்கள். இதை கிராஃப்ட் (அறுந்த நாருக்குப் பதிலாக வைக்கும் ஒட்டு நார்) என்கிறார்கள். நம் உடம்பிலிருந்து எடுத்ததுதான், ஆனாலும் போன இடத்தில் வேர்பிடிக்க மாதக்கணக்காகும். வலி சீக்கிரம் போய்விடும், பலம் தாமதமாகத்தான் வரும். அந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் ஆட்டம் போட்டு மறுபடி அறுத்துக்கொள்கிறார்கள். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆடுகளத்தை நினைக்கவே கூடாது என்றார் டாக்டர்.

ஊன்றுகோலை விட்டு, ராயபுரத்தில் பிசியோவுக்குப் போய்வந்து, மாடிப்படி ஏறுகிற அளவுக்குத் தேறியபோது சுகந்தி கூப்பிட்டாள். அவள் கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் வளர்ந்தவள், கல்லூரி அணியில் என்னோடு ஆடியவள். குடும்பத்தோடு யாழ்ப்பாணம் திரும்பியிருந்தாள். "வூட்ல குந்திகினு இன்னாடி பண்ற? இங்க வாடி" என்றாள். முகாமும் எங்கள் ஊரும் அவள் நாக்கிலிருந்து இன்னும் போகவில்லை. பிசியோ செய்துவிடும் பையன், "பயிற்சியை விடாதீங்க, குந்தாதீங்க, சம்மணம் போடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா வழியனுப்பும்போது ரசம் சாதம் தின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

சுகந்தியின் பெரியப்பா மகன் ரவி, பக்கத்து வளவில், அதாவது அடுத்த வீட்டில், இருப்பவர். செம்மண் தோட்டத்தில் சின்ன வெங்காயம் போடுகிறார். முதல் நாள் நான் கிணற்றடியில் நொண்டிக்கொண்டு நின்றபோது வந்து கேட்டார்: "கால் நோகுதோ?"

"இல்லீங்க."

"அப்ப ஏன் முகத்தைச் சுளிக்கிறியள்?"

"என் மூஞ்சே அப்டிதாங்க."

அவருக்குச் சிரிக்க ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு நிறுத்தவே இல்லை. எங்கள் தெருவில் என்னை யாரும் இப்படி 'நீங்கள்' போட்டு மரியாதையாகக் கூப்பிட்டது கிடையாது. பேங்கில் கூப்பிடுவார்கள், அதுவும் கையெழுத்து சரியில்லை என்று சொல்வதற்கு.

மறுநாள் வெங்காயப் பாத்திகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. கால் நீட்டிக்கொள்ள எதிரில் ஒரு ஸ்டூல். நிழல் நகர நகர அவர் இரண்டையும் தூக்கி நகர்த்திக்கொண்டே இருந்தார். எனக்குக் கொடுத்த வேலை மோட்டார் சுவிட்ச். அவர் மண்வெட்டியோடு ஒவ்வொரு பாத்தியாக வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டு, கடைசிப் பாத்தி நிறைந்ததும் "நிப்பாட்டுங்கோ!" என்று கத்துவார். நான் நிறுத்துவேன். அவ்வளவுதான் வேலை. அந்த வேலைக்காகக் காலையில் எழுந்ததும் மனசு அடித்துக்கொள்ளும்.

ஒருநாள் மழைக்கு மோட்டார் கொட்டிலில் ஒதுங்கினோம். அவர் என் கையைப் பிடித்தார். எவள் பிடித்தாலும் திமிறிக்கொண்டு கோட்டுக்கு ஓடவேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து பழகிய உடம்பு இது. அன்றைக்கு ஓடவில்லை. மழை விட்ட பிறகும் அங்கேயே நின்றோம்.

அன்று மதியம் சுகந்தியின் அம்மா விளைமீன் குழம்பு வைத்திருந்தார். நான் நன்றாகத் தின்றேன். கை கழுவுவதற்குள் அம்மா வீடியோ காலில் வந்தாள்.

"இன்னா துன்ன?"

"சாம்பாரும்மா."

"நானும் அதான். கால மடக்கறியா? பிசியோ சொன்னத செய்யறியா?"

செய்துகொண்டுதான் இருந்தேன். குவாட்ரிசெப்ஸ் (தொடையின் முன்பக்கத் தசை) இறுகி, கால் வேகமாகத் தேறிக்கொண்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கோ பயமாக இருந்தது. கால் தேறினால் ஆட வேண்டும். ஆட எனக்கு ஆசை இல்லை. இது மனசுக்குள் தெளிவாகத் தெரிந்ததும், கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். தோட்டத்தில் என்னை யாரும் பார்த்துக் கைதட்டவில்லை, யாரும் மடக்கிப் பிடிக்கக் காத்திருக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அங்கே நான் அப்படிச் சுகமாக இருக்க, இங்கே ஒருத்தி நாள் முழுக்க மீன் அறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஊறுகாய் தொட்டுக்கொள்கிறாள்.

ரவியிடம் வேண்டுதலைச் சொன்னேன்.

"மீன் விக்கிறவாவெல்லோ உங்கட அம்மா? மீனே சாப்பிடுறேல்லையோ?"

"இல்ல. நா ஆடினாதான்."

கொஞ்ச நேரம் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினார். "அப்ப போய் விளையாடிப்போட்டு வாங்கோ. நான் எங்க போறன்? வெங்காயம் கிடக்கு."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். தன்னோடு வாழ வரச்சொல்லிக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு விமானம் ஏறினேன்.

திரும்பிவந்து ஒழுங்காகப் பயிற்சி செய்தேன். ஒற்றைக்காலில் தாண்டும் சோதனை (இரண்டு காலும் சம பலத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது) வைத்தார்கள். தேறிவிட்டேன். "இனிமே ஆடலாம்" என்றார் டாக்டர். அம்மா அவர் காலில் விழப்போனாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரே ஒரு முறை கோடு தாண்டிப் பாடிவிட்டு வந்தால் வேண்டுதல் முடிந்தது. அம்மா மீன் தின்பாள், நான் என் வழியைப் பார்க்கலாம். எங்கள் குழுவின் சின்னப் பெண்களிடம் சொல்லிவைத்தேன், பயிற்சி ஆட்டத்தில் யாரும் என்னைப் பிடிக்காதீர்கள் என்று. காலுக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா கூடையைக்கூட இறக்கிவைக்காமல் மைதான ஓரத்தில் வந்து நின்றாள்.

பாடிப் போனேன். ஒருத்தியின் தோளைத் தொட்டேன். திரும்பி வந்தேன். பெண்கள் கைதட்டினார்கள். அம்மா தட்டவில்லை.

கூடையோடு எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். மார்க்கெட் முனையில் கூடையை இறக்கியபோது, "இன்னிக்கு மீனு எடுத்து வைம்மா, வேண்டுதல் முடிஞ்சிச்சே" என்றேன்.

"எது முடிஞ்சிச்சு? தண்ணி புடிக்கப் போறவ மாதிரி போயிட்டு வந்த. அந்தப் பொண்ணுங்க வயி வுட்டு நின்னுதுங்க. உன் ஆட்டத்த எத்தினி வருசமா பாத்துகினு கீறேன், எனக்குத் தெரியாதா? அம்மன ஏமாத்திக்கோ, என்னிய ஏமாத்தாத."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஆட ஆசை இல்லை என்றேன். ரவியைப் பற்றிச் சொன்னேன். சாம்பார் என்று சொன்னது விளைமீன் என்பதையும் சொல்லிவிட்டேன். அம்மா ஒரு மீனை எடுத்துச் செதில் சீவ ஆரம்பித்தாள். பாதி சீவிவிட்டுக் கேட்டாள்:

"அவரு இன்னா பண்றாரு?"

"வெங்காயம் போடறாரு."

"கடலுக்குப் போறதில்லியா?"

"இல்ல. கடலப் பாத்தாலே பயம்."

"அப்ப சாயங்காலம் வூட்டுக்கு வந்துருவாரு." மறுபடி சீவினாள். "போ. ஆனா வர்ற வெங்காயத்துல எனக்கு ஒரு மூட்ட அனுப்பச் சொல்லு."

"நீ மீனு துன்னும்மா. இனி நா ஆடப் போறதில்ல. எதுக்கு இந்த வேண்டுதலு?"

"அது உனக்கும் எனக்கும் நடுவுல இல்லடி. அம்மங்கிட்ட சொன்னது நானு. உன் காலக் கொண்டுபோயி மிதிக்க வெச்சதும் நானு. எனக்குப் பழகிப்போச்சு."

எவ்வளவோ கெஞ்சினேன். பரிகாரம் செய்து வேண்டுதலை முடித்துக்கொள்ளலாம் என்று கோயிலில் சொன்னதாகத் தம்பிகூடச் சொல்லிப் பார்த்தான். அவள் அசையவில்லை. நோய் என் முட்டிக்கு வந்தது, பத்தியம் அவளுக்கு. எனக்கு இது கோபமாகக்கூட வருகிறது. நீ என்னைச் சந்தோஷமாகப் போகவும் விடுகிறாய், போனால் குத்தும்படியும் வைக்கிறாய் என்று கத்தலாம்போல இருக்கிறது. கத்தியதில்லை. அவள் என்னைக் குத்த நினைத்துச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கடைசியாகப் பார்த்தபோது டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிவிட்டுச் சொன்னார்: "இப்ப அது ஒட்டு நார் இல்லம்மா, உங்க நாராவே ஆயிடுச்சு." உண்மைதான். இடது முட்டி என்று தனியாக ஒன்று இருப்பதையே பல நேரம் மறந்துவிடுகிறேன். முன்பெல்லாம் வருடத்தைப் போட்டி சீசன்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு டாக்டர் சொன்ன மாதங்களாக. இப்போது வெங்காயம் நட்டாயிற்றா, பிடுங்கியாயிற்றா என்று போனில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஆறிவிட்டேனா என்று கேட்டால், கால் ஆறிவிட்டது. மற்றது ஆற எத்தனை மாதம் என்று எந்த டாக்டரும் எழுதிக்கொடுக்கவில்லை.

யாழ்ப்பாணம் கிளம்புவதற்கு முந்தைய நாள் அம்மா கிழங்கான் மீன் குழம்பு வைத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முட்டி முழுக்க மடங்கியது, வலிக்கவில்லை. அம்மா எதிரில் உட்கார்ந்து, குழந்தைக்குச் செய்வதுபோல மீனை முள் எடுத்து எடுத்து என் தட்டில் வைத்தாள். நடுவில் ஒரு முறைகூட விரலை நக்கவில்லை. தண்ணீர்ச் சொம்பில் கையை அலசிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தாள்.

குழம்பு அவ்வளவு ருசியாக இருந்தது.

"இன்னொன்னு வெக்கட்டா?" என்று கேட்டாள்.

வை என்றேன்.