தோல் பத்தியில் போன மார்க்

ஆங்கிலத் தேர்வில் மற்ற மூன்று பிரிவுகளும் எனக்கு இரண்டு முறையும் ஒழுங்காகவே வந்தன. பேசச் சொன்னால் பேசிவிடுவேன். அதில் எனக்கு எந்த மொழியிலும் குறை கிடையாது. வாசிப்புதான் காலை வாரியது. வீடு ஆம்பூரில்; நான் வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கு எல்லாச் சான்றிதழும் தயாராக இருந்தது. வாசிப்பு மார்க் ஒன்று மட்டும் வர வேண்டும். இரண்டாம் முறை அரை மார்க்கில் போனபோது, இன்னும் ஒரு தடவைதான், அதிலும் போனால் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று வீட்டில் கத்திவிட்டேன். சொன்னதை வாபஸ் வாங்குவது என் வழக்கமில்லை.

என் சிக்கல் இதுதான்: தெரியாத சொல் வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனால் தோற்றுப்போன மாதிரி இருக்கும். முறைத்துக்கொண்டே இருந்தால் அது பயந்துபோய் அர்த்தத்தைச் சொல்லிவிடுமா என்ன? நேரம்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் பஸ் ஏறி ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். சொல்லிக்கொடுத்த மேடம் என்னைவிட வயதில் சின்னவர். “அந்தச் சொல்ல வெரலால மறச்சிடுங்கக்கா,” என்றார். “முன்னாடி இன்னா இருக்கு, பின்னாடி இன்னா இருக்குன்னு பாருங்க. அந்த எடத்துல தமிழ்ல எது போட்டா ஒக்காரும்னு யோசிங்க. அப்பால நாலு விடையப் பாருங்க.”

என் கணவர் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். மாலையில் குளித்துவிட்டு வந்ததும் என் புத்தகத்தையும் ஸ்டாப்வாட்ச் ஓடும் செல்போனையும் எடுத்துக்கொண்டு உட்காருவார். விரலால் மறைப்பதெல்லாம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாக்கியத்தைச் சத்தமாக வாசித்து, கடினமான சொல் வரும் இடத்தில் ‘டொய்ங்’ என்பார். மழை இல்லாமல் டொய்ங் வந்து மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். நான் “பஞ்சம்” என்று கத்த வேண்டும்.

கொஞ்ச நாளில் இந்த டொய்ங் வீடு முழுக்கப் பரவிவிட்டது.

“இன்னிக்கு ரசத்துல டொய்ங் கம்மி,” என்பார் சாப்பிடும்போது.

“புளியா?”

“உப்பு.”

“முன்னாடி பின்னாடி ஒண்ணும் சொல்லாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“என் மூஞ்சியப் பாத்து கண்டுபிடி.”

ஆறாவது படிக்கும் மகளும் சேர்ந்துகொண்டாள். “டொய்ங் இல்லாம போனா மிஸ் வெளிய நிக்கவெப்பாங்க,” என்று ஒரு காலை வந்து நின்றாள். ஃபீஸோ என்று நான் பர்ஸைத் தேடினேன். ஸ்கூல் பெல்ட்டைத் தொலைத்திருக்கிறாள்.

படிப்பு நன்றாகவே போனது. பனிப்பாறை, திமிங்கிலம், எங்கோ ஒரு மலையில் விளையும் உருளைக்கிழங்கு என்று எது வந்தாலும் முக்கால்வாசி சரியாக வந்தது. அப்போதுதான் ஒரு மாதிரித் தேர்வில் தோல் பதனிடுவதைப் பற்றி ஒரு பத்தி வந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆம்பூர்க்காரியிடமே தோலைப் பற்றியா? அப்பா டேனரியில் வேலை பார்த்தவர். கணவர் காலையிலிருந்து தோலோடு மல்லுக்கட்டுகிறவர்.

ஐரோப்பாவில் எங்கோ, குரோம் என்ற புதிய ரசாயன உப்பு வந்தபோது பழைய தோல்காரர்கள் அதைப் பற்றி ‘வேரி’யாக (wary) இருந்தார்கள் என்று ஒரு வாக்கியம். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. ஆசையாக, எச்சரிக்கையாக, பெருமையாக, அறியாமல் என்று நான்கு விடைகள்.

“மாசக்கணக்குல ஊறவெக்கிற வேல ரெண்டு மூணு நாள்ல முடியுதுன்னா எவன் வேணாம்னுவான்?” என்றார் கணவர். “ஆசையாதான எடுத்துப்பான்.”

“அதானே,” என்று குறித்தேன். மற்ற கேள்விகளையும் இப்படியே ஆளுக்கொரு நியாயம் பேசித் தள்ளினோம். நேரம் மிச்சமாகி டீ கூடப் போட்டுக் குடித்தோம். விடையைப் பார்த்தால் ஒன்றைத் தவிர எல்லாம் தப்பு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விடைத்தாளே தப்பு என்று மேடத்துக்கு நீளமாக ஒரு குரல் செய்தி அனுப்பினேன். “குரோம் மேட்டரையும் சொல்லு,” என்று பின்னாலிருந்து கணவர் எடுத்துக்கொடுத்தார், அதையும் சொன்னேன். மேடம் கூப்பிட்டுப் பொறுமையாகக் கேட்டார்: “அக்கா, அது உங்க ஊரு இல்ல. அதுக்கு அடுத்த வரியப் படிச்சீங்களா?”

படிக்கவில்லை. போய்ப் பார்த்தேன். ‘முதலில் வெட்டித் தள்ளிய துண்டுகளில்தான் போட்டுப் பார்த்தார்கள், நல்ல தோலைப் பல ஆண்டுகள் அதன் பக்கமே கொண்டுபோகவில்லை’ என்று கொட்டை எழுத்தில் உட்கார்ந்திருந்தது. எச்சரிக்கையாக. திமிங்கிலம் தெரியாது என்பதால் வரிக்கு வரி படித்தேன். தோல் தெரியும் என்று பத்தியையே படிக்கவில்லை. கணவருக்குத்தான் ரொம்ப பேஜாராகிவிட்டது. “நம்மூரு தோலே நம்மளக் கவுத்துடுச்சே,” என்று இரண்டு நாள் புலம்பினார்.

தேர்வு சென்னையில். கடைசிப் பத்தியைத் திறந்தால் இரவு டியூட்டி நர்ஸ்களும் தூக்கமும். மறுபடியும் எனக்குத் தெரிந்த விஷயம். ஷிப்டின் நடுவே சிறிது தூங்கி எழுந்த நர்ஸ்கள் புத்துணர்ச்சியோடு வேலை பார்த்தார்களாம். எந்த வார்டில் ஐயா தூங்க விடுகிறார்கள், ஒரு நாள் வந்து பாருங்கள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இது உன் வார்டு இல்லை, வாயை மூடிக்கொண்டு படி என்று என்னையே அதட்டினேன். அவர்கள் எழுதியதை மட்டும் படித்து அதற்கு மட்டும் பதில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு அடக்கமாக இருந்ததே இல்லை.

முடிவு வந்த அன்று எனக்கு வார விடுமுறை. வாசிப்பில் தேவைக்கு மேலேயே அரை மார்க். கணவர் கம்பெனியிலிருந்து வந்ததும் செல்போனை வாங்கி ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். பிறகு பக்கத்து வீடு, மாடி வீடு, பால்காரர் என்று ஒருவரையும் விடாமல் சொல்லிவிட்டு வந்தார். ஸ்வீட் வாங்கலாம் என்று பைக்கில் கிளம்பினோம். திரும்பும்போது பைபாஸ் ஓரம் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்.

“ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?”

“சொல்லுங்க, அப்பால பாக்கலாம்.”

“இந்த வாட்டியும் நீ பாஸாவாம போயிட்டா தேவலன்னு உள்ளுக்குள்ள கொஞ்சம் நெனச்சேன்.”

முதல் ஆறு மாதம் நான் மட்டும்தான் போக வேண்டும். அவருக்கும் மகளுக்கும் விசா அதற்குப் பிறகுதான்.

“அப்ப இன்னாத்துக்கு தெனமும் புத்தகத்த தூக்கிக்கினு வந்து உக்காந்தீங்க?”

“நீ பாஸாவணும்னும்தான் நெனச்சேன். ரெண்டும்தான் நெனச்சேன்.”

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் தினமும் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதில்லை. காலையில் மார்க்கைப் பார்த்ததும் எனக்கும் முதலில் சந்தோஷம் வந்தது. பின்னாலேயே, இனி சாயங்காலம் என்ன செய்வோம் என்ற நினைப்பும் வந்தது.

“எனக்கும்தாங்க,” என்றேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது. டீக்கடைக்காரர் என்ன நினைத்தாரோ, கூடவே இரண்டு பிஸ்கட் வைத்தார்.

“ஆறு மாசம்தான,” என்றார் கணவர்.

பயணத் தேதி இன்னும் வரவில்லை. அந்த ஆறு மாதத்துக்குத் தேவையான சண்டையை இப்போதே போட்டுவைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். தினமும் போடுகிறோம்.