ஊமையனுக்காக ஒரு சண்டை

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மழைக்காலத்தில், கிழிந்த நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அந்தச் சோபா பழுதுபார்க்கும் கடைக்குள் நான் முதன்முதலாக நுழைந்தபோது, சோபாக்காரம்மா வாயில் ஆணிகளைக் கவ்வியபடியே கணவரைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் சிதறவில்லை. ஓர் ஆணியும் விழவில்லை.

சண்டை குடும்பத்தைப் பற்றியது அன்று. திரைப்படப் பின்னணி இசையைப் பற்றியது. அம்மையாருக்குப் பிடித்த இசையமைப்பாளர், கதாநாயகன் கதவைச் சாத்தினாலே முரசு அறைபவர். கணவருக்குப் பிடித்தவரோ, கதையில் பிணமே விழுந்தாலும் ஒற்றைப் புல்லாங்குழலோடு நிறுத்திக்கொள்பவர். பல இடங்களில் அதுவும் இராது. அந்த இசையமைப்பாளருக்கு அம்மையார் சூட்டிய பெயர் ஊமையன்.

"மியூசிக் போடச் சொல்லிக் காசு கொடுத்தா, உங்க ஊமையன் சும்மா உக்காந்துட்டு வந்திருக்கான்!"

"சும்மா இருக்குறது லேசா? நீ ஒரு நாள் இருந்து பாரேன்" என்பார் கணவர், பஞ்சைத் திணித்துக்கொண்டே.

வாடிக்கையாளர்களையும் அம்மையார் விட்டதில்லை. பாடல்களை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு வருபவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "பாட்டு ஊருக்கே தெரியும். நடுவுல படம் பூரா ஒருத்தன் வாசிச்சிருக்கானே, அவன் என்ன அனாதையா?" என்று கேட்டபடி உறைத்துணியைச் சர்ரென்று கிழிப்பார்.

சர்க்கரை நோய் கணவரின் பார்வையைப் பறித்தபின், ஆணி அடிப்பது முழுவதும் அம்மையாரின் வேலையாயிற்று. கணவர் விரலால் தடவித் தையலின் கோணலைச் சொல்வார். மற்ற நேரமெல்லாம் படங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். பழகிய படமானால் இசையே அவருக்குக் கைத்தடி. எந்த அறை, எந்தத் தெரு, வருவது யார் என்று அதைப் பிடித்துக்கொண்டே போய்விடுவார்.

சென்ற மாதம் ஊமையனின் பழைய படமொன்று புதுப்பிக்கப்பட்டுத் திரைக்கு வந்தது. கணவருக்குச் சலவைச் சட்டையை மாட்டிவிட்டு அம்மையார் அழைத்துப் போனார். துணைக்குப் பக்கத்துத் தெரு டீச்சராகிய என்னையும். பகற்காட்சி. பாதி நாற்காலிகள் காலி. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கணவரின் கை மனைவியின் கையைத் தேடிற்று.

"ஏம்மா, இது எந்த எடம்? அவ வீட்டுக்கு வந்துட்டாளா? கதவு தொறந்தா ஒண்ணுமே கேக்கக் கூடாதே. என்னமோ அடிக்கிறாங்களே!"

பாடல்களை அப்படியே விட்டுவிட்டுப் பின்னணி இசையை மட்டும் யாரோ புதிதாகப் போட்டிருந்தார்கள். அம்மையாருக்குப் பிடித்த வகை முழக்கந்தான். ஆயினும் அவர் எழுந்து நின்று போட்ட கூச்சலில், அரங்க மேலாளர் கைவிளக்கோடு ஓடிவந்தார்.

"பாட்டெல்லாம் அப்படியே இருக்கேம்மா. மத்தது யாருக்குத் தெரியப்போகுது?"

"யாருக்குத் தெரியப்போகுதா? இந்த மனுஷன் காதை நம்பி வந்திருக்காருய்யா! அவரு வீட்டைக் காலி பண்ணிட்டு, வேற சாமானைக் கொண்டுவந்து அடைச்சு வச்சிருக்கீங்க. முட்டிக்கிட்டு நிக்கிறாரு!"

"வேணும்னா டிக்கெட் காசைத் திருப்பித் தர்றேன்."

"காசை நீயே வச்சுக்க. ஊமையனைக் கொண்டா!"

முன்வரிசையில் யாரோ 'உஸ்' என்றார்கள். "எதுக்குய்யா உஸ்ஸு? இங்க என்ன கச்சேரியா நடக்குது? தகரக்கடை!" என்று அவர்களையும் ஒரு கை பார்த்தார்.

கணவர் அவருடைய புடவைத் தலைப்பைப் பிடித்து மெல்ல இழுத்தார். "விடும்மா. எனக்கு ஒண்ணும் புரியல. வீட்டுக்குப் போயிடலாம்."

அம்மையாரின் முகம் இன்னும் சிவந்தது. "எங்க போறது? இன்னும் பாதிப் படம் இருக்கு. உக்காருங்க!"

தாமும் உட்கார்ந்தார். கணவரின் வலக்காதருகே வாயைக் கொண்டுபோய், பல்லைக் கடித்தபடி, பழைய புல்லாங்குழலை முனகத் தொடங்கினார். திரையில் அந்தப் பெண் நடந்தபோது குரலும் நடந்தது; அவள் நின்றபோது நின்றது. "ஆங், மாடிப்படி" என்றார் கணவர். அதற்குள் முரசுகள் மீண்டும் வெடித்தன. அம்மையார் தலையை நிமிர்த்தி, கணவரின் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த என்னை முறைத்தார்.

"என்ன டீச்சர் வேடிக்கை பாக்குறீங்க? அந்தப் பக்கத்துக் காதைப் பொத்துங்க!"