எழுபத்திரண்டு என்ற எண்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள அச்சகத்தில் பதினோரு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். போன வருஷம் சிங்கவரத்திலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் பத்திரிகைகளை முதலாளி எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார். அவள் செய்தவை செல்போனில் பளிச்சென்று இருந்தன. நான் செய்ததில் மாப்பிள்ளை பெயரே மங்கலாகத் தெரிந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. அவள் வளையல் சத்தம்கூடப் பிடிக்கவில்லை. என் ஊரான வல்லத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதும் அவள் நினைப்புதான்.

ஒரு நாள் அவள் சாப்பிடப் போனதும் அவளுடைய ஃபைலைத் திறந்தேன். ரெசல்யூஷன் என்ற இடத்தில் 72 இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 300க்குக் கீழே வைத்தால் அச்சில் படம் கெட்டுவிடும் என்று முதல் வாரமே கற்றவள் நான். அவள் திரும்பி வந்ததும் முதலாளியிடம் போனேன்.

“அண்ணா, இந்தப் பொண்ணு எல்லாத்தயும் 72ல பண்ணுது. கெட்ட பேரு நம்ம கடைக்குத்தான்.”

அவர் அவளைக் கூப்பிட்டார். “இன்னாம்மா இது?”

அவள் பதறவில்லை. “அந்த நம்பரு பேப்பருக்குண்ணா. ஒரு இஞ்சுக்கு எத்தினி புள்ளின்னு சொல்றது. ஸ்கிரீன் அத்தப் பாக்காது. மொத்தம் எத்தினி பிக்சல் இருக்குதுன்னுதான் பாக்கும்.”

அகலம் 1080 பிக்சலை அப்படியே விட்டு, 72ஐ மட்டும் 300 ஆக்கினாள். பழையது, புதியது இரண்டையும் முதலாளியின் போனுக்கு அனுப்பினாள். அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு வித்தியாசமும் இல்லை.

“நீங்க அகலம் எவ்ளோ வெப்பீங்கக்கா?”

போனை ஸ்கேலால் அளந்து இரண்டரை இஞ்சு வைத்திருந்தேன். சொன்னேன்.

“முந்நூறால பெருக்குனா 750 பிக்சல்தான வருது. போனு ஸ்கிரீனு 1080 அகலம். உங்க 750ஐ இழுத்துக் காட்டுது, அதான் மங்குது.”

என் முகம் சுட்டது. தன் ஃபைலை நான் எப்போது பார்த்தேன் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

அன்று மாலை அடுத்த பத்திரிகையை 1080 பிக்சல் அகலத்தில் செய்தேன். பத்திரிகை கேட்டு வந்த கல்யாணப் பெண்ணின் அப்பா போனைக் கண்ணருகில் வைத்துப் பார்த்து, “எழுத்து நல்லா தெரியுதும்மா” என்றார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“டீ குடிக்கப் போலாமாக்கா?”

“வேலை இருக்குது, நீ போ” என்றேன். ஒரு வேலையும் இல்லை.