டீயோடு கொடுத்த வலி மாத்திரை

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வாடகை ஷெட்டில் ஒரு சூளை வைத்தேன், அதை மூன்றாக்கினேன். டிப்ளமோ படித்தவர்கள் கைவிட்ட மண் கலவையை விரிசல் விழாமல் சுட்டுக் காட்டியது நான். என் ஷெட்டு ப்யூஸ் கேரியர் ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கிறது. வேலை செய்யும் பெண்களுக்கு முதலில் கக்கூஸ் கட்டியவனும் நான்தான். இதையெல்லாம் எவனும் மறுக்கவில்லை. மறுப்பது ஒன்றே ஒன்றை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

1. சூளை ஏற்றும் நாள்

செல்போன் பேட்டைக்குள் வந்த புதிது. சூளை ஏற்றும் நாளில், சுட வேண்டிய சாமான் நிரப்பிய கனத்த மண்பெட்டிகளைக் காலையிலிருந்து தூக்கிச் சூளைக்குள் அடுக்க வேண்டும். இடுப்பு கழன்றுவிடும். அதனால் பத்து மணி டீயோடு ஆளுக்கு ஒரு வலி மாத்திரை கொடுப்பது எல்லா ஷெட்டிலும் வழக்கம். நானும் கொடுத்தேன். மறைக்க மாட்டேன்.

என் சூளை மேஸ்திரி கொளஞ்சி, கருவேப்பிலங்குறிச்சிக்காரன். மாரடைப்பு வந்து, பாண்டியில் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தான். "நீ தூக்காதடா, நின்னு சொன்னா போதும்" என்றேன். தூக்காதவனுக்கு மாத்திரை எதற்கு என்று எனக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. மூன்று சூளையில் வாரத்துக்கு நாலு நாள் ஏற்றுதல். நாலு நாளும் டீயோடு விழுங்கினான்.

ஒரு மாதத்தில் ஆள் வெளுத்துப் போனான். அவன் மனைவி செல்வி ஷெட்டுக்கே வந்துவிட்டாள்.

"மொதலாளி, இவருக்கு வெளிக்கி தாரு மாதிரி கறுப்பா போவுது. ஹார்ட் மாத்திர சூடுன்னுட்டு நேத்துலேந்து அத்த நிறுத்திட்டாரு. நீங்களாச்சும் கேளுங்க."

"எவன்டா உன்ன நிறுத்தச் சொன்னது?" என்று கொளஞ்சியைக் கேட்டேன்.

"பின்ன என்னாங்க? வேற எதையும் நான் துன்றதில்லியே!"

அப்படியே காரில் ஏற்றினேன்.

2. டாக்டரம்மா கேட்ட கேள்வி

பாண்டியில் டாக்டரம்மா கேட்டார்: "ஹார்ட் மாத்திரையத் தவிர வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க" என்றான் கொளஞ்சி.

"சத்தியமா இல்லீங்கம்மா" என்றாள் செல்வி.

பொய் சொல்லவில்லை. டீயோடு வருவது அவர்களுக்கு மாத்திரைக் கணக்கிலேயே சேராது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைதான் காரணம் என்று டாக்டரம்மா எழுதப் போனார். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"எழுதாதீங்கம்மா. இன்னொண்ணு இருக்குது. நான்தான் குடுத்தேன்." வலி மாத்திரை அட்டையை மேஜையில் வைத்தேன்.

"நீங்க டாக்டரா?"

"இல்லீங்க, மொதலாளி."

"ஸ்டென்ட் வெச்சவருக்கு இத குடுப்பாங்களா? ஹார்ட் மாத்திரையோட இது சேந்தா வயித்துல ரத்தம் கசியும். இதயத்துக்கும் கெடுதல். அதுக்குப் பயந்து ஹார்ட் மாத்திரைய நிறுத்தினா ஸ்டென்ட்டே அடைச்சுக்கும்." ரொம்பத் திட்டினார். கடைசியில், "நல்லவேளை சொன்னீங்க. இல்லன்னா நானும் தப்பா முடிவு பண்ணியிருப்பேன்" என்றார்.

ரத்தம் ஏற்றினார்கள். வயிற்றுக்கு மருந்து கொடுத்து, ஹார்ட் மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். கொளஞ்சி பிழைத்தான்.

3. பலகை

மறுநாளே என் ஷெட்டில் மாத்திரையை நிறுத்தினேன். பெட்டி தூக்க ஒரு தள்ளுவண்டி அடித்தேன். பிறகு ஷெட் ஷெட்டாகப் போய்ச் சொன்னேன். எங்கள் உரிமையாளர் சங்கத் தலைவர் சிரித்தார்: "என்னாண்ணே, டாக்டரு ஆயிட்டீங்களா? மாத்திர இல்லாம எவன் ஏத்துவான்?"

அடுத்த வருஷம் சங்கத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். வாசலில் புதுப் பலகை: "இதய நோயாளிகளுக்கு வலி மாத்திரை தரக்கூடாது." கீழே தலைவர் பெயர். மேடையில், "படிக்காத மொதலாளிங்க பண்ற அக்கிரமத்த நான்தான் நிறுத்தினேன்" என்று சால்வை வாங்கிக்கொண்டார். கொளஞ்சி எழுந்து, "அந்த ஆளு நான்தாங்க! நிறுத்தினது எங்க மொதலாளி!" என்று கத்தினான். அவனை உட்காரவைத்துவிட்டார்கள்.

இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். டாக்டர் கேட்டால், தைலம் தொடங்கி டீயோடு விழுங்கியது வரை எல்லாவற்றையும் சொல்லச் சொல்லுங்கள். தப்பு உங்களுடையதாக இருந்தால் முதலில் வாயைத் திறங்கள்.

சங்கத்துக்கும் சொல்கிறேன். அந்தப் பலகையில் என் பெயரை எழுதுங்கள். மாத்திரை கொடுத்தவன் என்றே எழுதுங்கள், எனக்கு வெட்கமில்லை. ஆனால், அதை டாக்டர் முன்னால் எடுத்து வைத்தவனும் இவன்தான் என்று அடுத்த வரியில் எழுதியாக வேண்டும்.