எச்சில் தொட்ட மை

எங்கள் வீட்டுக்கு மஸ்காரா வந்தது மதினியோடு. அண்ணன் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான். மதினி அங்கேயே பிறந்து வளர்ந்தவர். கல்யாணம் முடிந்ததும், ஊர் பழகட்டும் என்று ஒரு வருஷத்துக்கு அவரைக் காரைக்குடியில் எங்களிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான். ஊர் அவருக்குப் பழகியதோ இல்லையோ, அவருடைய தகரப் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் எனக்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டது.

அறுபதுகளின் கடைசி அது. நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறாம் வகுப்பு டீச்சர். அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டுக்குப் பெரியவர் சித்தப்பா. நெல் அரைக்கும் மில் வைத்திருந்தார். மில்லைவிடப் பெரிதாகக் கருத்துகள் வைத்திருந்தார். பெண்கள் சத்தமாகச் சிரிப்பது, சைக்கிள் ஓட்டுவது, முதுகு தெரிய ரவிக்கை தைப்பது என்று எதற்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு உண்டு. யாரும் கேட்டதில்லை. ஆனாலும் சொல்லிவிடுவார். எச்சில் விஷயத்தில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததே இல்லை. காப்பியானாலும் மோரானாலும் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். தம்ளர் விளிம்பில் யாருடைய உதடாவது பட்டதாகச் சந்தேகம் வந்தால், அந்தத் தம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்க்க வேண்டும். தேய்ப்பது சித்தி. கவிழ்ப்பதும் சித்திதான்.

மதினியின் மஸ்காரா இப்போது வருவதைப் போலக் குழாயில் வந்ததில்லை. தீப்பெட்டியைவிடச் சற்றே நீளமான சிவப்புப் பெட்டி. திறந்தால் மூடியில் ஒரு கண்ணாடித் துண்டு. உள்ளே சோப்புச் சில் மாதிரி இறுகிய மை. பக்கத்தில் எலிக்குப் பல் தேய்க்கச் செய்தது போல ஒரு குட்டி பிரஷ். முதன்முதலாக அதைப் பார்த்த அம்மா, "இது பேரு என்னத்தா?" என்று கேட்டார்.

"மஸ்காரா, அத்தை."

"நமஸ்காரமா? யாருக்கு?"

மதினி பொறுமையாக விளக்கினார். கண்ணுக்கு இல்லை, கண் இமையில் இருக்கும் முடிக்கு. அம்மாவுக்கு அது ஏறவே இல்லை. "கண்ணுக்கு மை வைக்கிறது சரி. மயிருக்கு எதுக்குடி மை? அதுதான் ஏற்கெனவே கருப்பாத்தானே இருக்கு?" என்றார். இன்றுவரை இந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. ஆனால் நல்ல கேள்விகளுக்காக ஆசையை விட்டுவிடுகிற வயதும் இல்லை அது.

மதினியிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று கருப்பு, ஒன்று பழுப்பு. பகலில், அதுவும் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பழுப்புதான் பாந்தமாக இருக்கும் என்று பினாங்கில் ஏதோ பத்திரிகையில் படித்ததாகச் சொன்னார். போட்டுப் பார்த்தோம். வெள்ளைக்காரிகளுக்கு அது பாந்தமாக இருந்திருக்கலாம். என் நிறத்துக்கு, எண்ணெய் காணாமல் செம்பட்டை பாய்ந்த பிள்ளை மாதிரி இருந்தேன். "சாணி தெறிச்ச மாதிரி இருக்கு" என்று அம்மாவும் சொல்லிவிட்டார். ஆக, கருப்பு.

அதைப் போடுவதற்குத்தான் பெரிய பாடு. மையைக் கரைக்கத் தண்ணீர் தொட்டால் நீர்த்து வழியும். எச்சில்தான் சரியான பதம். பிரஷ்ஷின் நுனியில் லேசாகத் துப்பி, மைச்சில்லில் தேய்த்து, வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு கீழே பார்க்க வேண்டும். வாயை எதற்குத் திறக்க வேண்டும் என்று மதினிக்கும் தெரியாது. திறக்காமல் போட யாராலும் முடிவதில்லை, அவ்வளவுதான். இமையின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு தடவை. காயும்வரை இமைக்கக் கூடாது. வெளி ஓரத்தில் மட்டும் இன்னொரு தடவை. முடிகள் ஒட்டிக்கொண்டால் ஊக்கு முனையால் பிரித்துவிட வேண்டும். கண்ணுக்கு நேரே ஊக்கைப் பிடித்துக்கொண்டு அழகைப் பிரித்தெடுத்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கண்ணைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

முதல் நாள் இமைத்துவிட்டேன். கன்னமெல்லாம் எறும்பு வரிசை. துடைத்துக் கழுவிவிட்டு, சிவந்த கண்ணோடு பள்ளிக்கூடம் போனேன். முதல் பெஞ்சுப் பிள்ளை எழுந்து, "டீச்சர், அழுதீகளா?" என்று கேட்டது. கண்ணில் தூசி என்றேன். மதியத்துக்குள் எனக்கு நிச்சயமான மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான் என்று ஆசிரியைகள் அறையில் பேச்சு. நிச்சயமே ஆகியிருக்கவில்லை.

ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகிற மாயமெல்லாம் ஒன்றுமில்லை. தூங்கி எழுந்தவள் போல இல்லாமல், விழித்துக்கொண்டிருப்பவள் போல இருந்தேன். எனக்கு அது போதும். சித்தப்பாவின் கண்ணில் பட எத்தனை நாளாகும் என்று மதினியும் நானும் பயந்துகொண்டுதான் இருந்தோம். ஒரு காலையில் பட்டுவிட்டது.

"ஏத்தா, இங்குட்டு வா. என்ன இது கண்ணு, ஒட்டகத்துக்கு இருக்க மாதிரி?"

"மை சித்தப்பா."

"மையா? நான் மையே பாத்ததில்லையா? நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவுக என்ன சொல்லுவாக? கூத்துக்காரி வீடுன்னு திரும்பிப் போயிர மாட்டாகளா?"

பிறகு மதினி பக்கம் திரும்பி, அந்தச் சாமானை இனிமேல் இந்த வீட்டில் பார்க்கக் கூடாது என்றார். மதினி, "சரிங்க மாமா" என்றார். பெட்டியை முற்றத்துக் கண்ணாடிக்குப் பக்கத்து மாடத்தில், விபூதிச் சம்புடத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தார். பார்க்கக் கூடாது என்றுதானே சொன்னார்? யாரும் பார்க்கவில்லை. சித்தப்பா மில் திறக்கப் போன பிறகு நான் போட்டுக்கொண்டு, அவர் திரும்புவதற்குள் கழுவிவிடுவேன்.

கொஞ்ச நாளில் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. மை குறைந்துகொண்டே வந்தது. நான் பிரஷ் நுனியால் தொட்டுத் தொட்டுச் சிக்கனமாகப் போடுகிறேன். நடுவிலே பள்ளம் விழுந்திருக்கிறது. மதினிதான் எனக்குத் தெரியாமல் கூடுதலாகப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மதினியும் என்னைப் பற்றி அதையே நினைத்தார் என்பது பிறகு தெரிந்தது. இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு நாள் மதினி என் முகத்தை உற்றுப் பார்த்து, "ரொம்பப் போட்டா முடி கொட்டிரும், பாத்துக்க" என்றார். நான், "அப்படியா மதினி, நீங்களும் பாத்துக்கங்க" என்றேன். அன்று முழுவதும் இருவரும் அளவுக்கு மீறிய மரியாதையோடு பேசிக்கொண்டோம்.

இதே சமயத்தில் சித்தப்பாவின் மீசை கறுத்துக்கொண்டு வந்ததை நாங்கள் இருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலை முன்பே வழுக்கை. மீசை மட்டும்தான் அவருக்கு மிச்சம். அது ஒரு வருஷமாக நரைத்துக்கொண்டிருந்தது. இப்போது தார் பூசிய சுவர் போல இருந்தது. கேட்டவர்களிடம், கரிசலாங்கண்ணி என்றாராம். அவருடைய மில்லுக்கு வந்த இரண்டு பேர் கரிசலாங்கண்ணி தேடிக் கண்மாய்க் கரையெல்லாம் அலைந்ததாகக் கேள்வி.

பங்குனி மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. சித்தப்பா பள்ளியின் பிரார்த்தனைக் கூடத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்திருந்தார். மின்விசிறி கொடுத்தவரைத் தலைமை தாங்கக் கூப்பிட்டாக வேண்டும். தாங்கக் கூப்பிட்டால் பேசுவார். விழா பந்தலில் நடந்தது. மின்விசிறி கூடத்துக்குள் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மேடையில் தலைமை ஆசிரியைக்குப் பக்கத்தில் சித்தப்பா. ஆசிரியைகள் நாங்கள் பின்வரிசை நாற்காலிகளில். கீழே முன்வரிசையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில். அம்மா, சித்தி, மதினி மூவரும் பெண்கள் பக்கத்தில். மத்தியான வெயில் பந்தல் ஓலையைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

சித்தப்பா கல்வியில் ஆரம்பித்தார். இரண்டு நிமிஷத்தில் கல்வி முடிந்துபோய், ஒழுக்கத்துக்கு வந்தார். "இயற்கை அழகு போதாதென்று இன்றைய பெண்கள் என்னென்னவோ பூசிக்கொள்கிறார்கள். பூச்சு எதற்கு? ஆண்டவன் கொடுத்த நிறத்தை மறைப்பது ஆண்டவனையே ஏமாற்றுவது ஆகாதா?" என்று கேட்டு, மெதுவாகத் திரும்பி எங்கள் வரிசையை ஒரு பார்வை பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். நான் அன்று விழாவுக்காக ஓரத்தில் இரண்டு தடவை போட்டிருந்தேன். எனக்கு முகம் கொதித்தது. கூட்டம் கை தட்டியது. கை தட்டல் கேட்டதும் அவருக்குத் தாகம் எடுத்துவிட்டது.

"சோடா" என்றார்.

கோலி சோடா வந்தது. பேசுகிறவர் சோடா குடித்தால்தான் பேச்சுக்கு மதிப்பு என்றிருந்த காலம். சித்தப்பா வழக்கம்போலப் பாட்டிலை உதட்டில் படாமல் ஒரு சாண் உயரத்தில் தூக்கி, அண்ணாந்து சாய்த்தார். சோடாவுக்கு மோரின் அடக்கம் கிடையாது. கோலி உருண்டு வழியை அடைத்தது. விலகியதும் மொத்தமாகப் பொங்கி மூக்கிலும் மீசையிலும் அடித்தது. அவர் புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, "ஆகவே பெரியோர்களே" என்று நிமிர்ந்தார்.

மேலுதட்டிலிருந்து இரண்டு கருப்புக் கோடுகள் வாயின் இரு பக்கமும் இறங்கின. தாடையில் சேர்ந்து வெள்ளைச் சட்டையில் சொட்டின. ஒரு பக்க மீசை வெள்ளை, மறுபக்கம் சாம்பல், கன்னத்தில் புறங்கை இழுத்த கரி. என்ன நடந்தது என்று அவருக்கு மட்டும் தெரியவில்லை. பந்தலே அமைதியாக இருந்ததால் தன் பேச்சில் கட்டுண்டுவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். கையை உயர்த்தி, "வேஷம் ஒரு நாள் கலைந்தே தீரும்!" என்றார்.

முன்வரிசையிலிருந்து என் வகுப்புப் பிள்ளை ஒன்று பதறி எழுந்தது. "டீச்சர், ஐயா மீசை அழுகுது!"

அதற்குப் பிறகு பந்தலை யாரும் அடக்க முடியவில்லை. தலைமை ஆசிரியை கைக்குட்டையை நீட்டினார். சித்தப்பா துடைத்துப் பார்த்தார். கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு மிகுந்த நிதானத்தோடு, "சோடாப் பாட்டிலைக் கழுவலை" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் கண்ணில் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் என் கண்ணும் ஒழுகும். பல்லைக் கடித்துக்கொண்டு பந்தல் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மையைத் தினமும் கையால் தொடுகிறவள் நான். அதன் கறுப்பு எனக்குத் தெரியாதா? ஒரு பக்கம் அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அந்தப் பாவம் அதிக நேரம் நீடிக்கவில்லை. மறுநாள் சோடாக்கடைக்காரரிடம் ஆள் அனுப்பிச் சண்டை போட்டார். அந்த மனுஷர், "என் பாட்டில்ல அழுக்கு இருந்தா குடிச்சவுக வாய்தானே கறுத்திருக்கணும்? மீசை எப்படி வெளுத்துச்சுன்னு கேட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்பினார்.

விழா முடிந்த அன்றே, வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் மதினி பேச்சை எடுத்தார். சித்தப்பா இலையைப் பார்த்துக் குனிந்திருந்தார். மீசை முழுக்க வெள்ளை.

"நான் பெட்டியைப் பாத்தேங்க அத்தை. மை தீந்தே போச்சு" என்றார் மதினி, அம்மாவிடம் சொல்வது போல. "பாவம், யாரு எடுத்தாகளோ, தண்ணி தொட்டுப் போட்டிருப்பாக. அதான் நிக்கல. எச்சி தொட்டாத்தான் நிக்கும். நானும் இவளும் தினம் அந்த பிரஷ்ல துப்பித் துப்பித்தான் போடுவோம்."

சித்தப்பாவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"தினமுமா?" என்றார்.

"தினமும் மாமா. காலையில ரெண்டு பேரும்."

எழுந்தார். கிணற்றடியில் வாளிச் சத்தம் வெகுநேரம் கேட்டது. புளி தேடி அடுக்களைக்கு வந்து போனதை அம்மா பார்த்திருக்கிறார்.

அதுவரை வாய் திறக்காத சித்தி ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "தலகாணி உறையை நாந்தானே துவைக்கிறேன். எனக்குத் தெரியாதா?" என்றார்.

"சொல்லியிருக்கலாமே சித்தி?"

"சொன்னா விட்டுருவாக. நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, சித்தி இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத அளவுக்குச் சத்தமாகச் சிரித்தார்.

ஒரு வாரம் கழித்து சித்தப்பா மீசையை எடுத்துவிட்டார். குன்றக்குடி முருகனுக்கு வேண்டுதல் என்று ஊரில் சொன்னார். ஊரும் ஏற்றுக்கொண்டது, பக்தி என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அண்ணன் பினாங்கிலிருந்து புதுப் பெட்டி அனுப்பினான். இந்த முறை மதினி அதை ஒளிக்கவில்லை. நானும் நடு முற்றத்தில் உட்கார்ந்து போட்டுக்கொண்டேன். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சித்தப்பாவுக்கு வானத்தில் ஏதாவது பார்க்க வேண்டியிருந்தது.

ஆவணியில் என்னைப் பெண் பார்க்கக் கண்டரமாணிக்கத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் தாடையைத் தொட்டு நிமிர்த்தி, "பிள்ளைக்குக் கண் இமை என்னா அடர்த்தி!" என்றார்.

சித்தப்பா வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க வம்சத்துக்கே அப்படித்தாங்க" என்றார்.

காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்த மதினி அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார். சம்பந்தம் கூடியது. காப்பி மட்டும் ஆறித்தான் வந்தது.