செல்வியை அமுக்கிய பியானோ

தொண்ணூறுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். கீழ்பென்னாத்தூர் கல்யாணக் கச்சேரிக்காக, பாடகி செல்வியின் குரலை மறைக்காதபடி கீபோர்டின் பியானோ ஒலியில் பேஸை, அதாவது கனத்த அடியொலியை, குறைத்து வைத்திருந்தேன். மேடையேறும் முன் குழுத்தலைவர் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, என்னிடம் "என்னம்மா, தகர டப்பா மாதிரி இருக்கு?" என்று கனமான பியானோ ஒலிக்கு மாற்றிவிட்டார்.

முதல் பாட்டிலேயே செல்வியின் குரல் அமுங்கியது. "சாப்புடலையா? வாயத் தொறந்து பாடு!" என்று குழுத்தலைவர் அவளை மைக்கிலேயே திட்டினார். கூட்டம் சிரித்தது. அவள் கண் கலங்கிவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாசிப்பதை நிறுத்தி, நானும் மைக்கிலேயே சொன்னேன்: "அவ மேல தப்பு இல்லீங்க. நீங்க மாத்துன சவுண்டுதான் அமுக்குது."

பழைய ஒலியை வைத்தேன். செல்வியின் குரல் பந்தலின் கடைசி வரிசைவரை கேட்டது.

அதன்பின் குழுத்தலைவர் என்னைக் கச்சேரிக்குக் கூப்பிடவில்லை. அதில் வருத்தமில்லை. செல்வியிடம் அவர் ஒரு வார்த்தைகூட மன்னிப்புக் கேட்கவில்லையே, அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.