பொத்தான் இல்லாத மாடி

பிடோக் வட்டாரத்தில் நாங்கள் வளர்ந்த அடுக்குமாடிப் புளோக்கில் லிஃப்ட் மூன்றே இடங்களில்தான் நிற்கும். கீழ்த்தளம், ஐந்தாம் மாடி, ஒன்பதாம் மாடி. எங்கள் வீடு ஏழாம் மாடியில் இருந்தது. ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏற வேண்டும், இல்லையென்றால் ஒன்பது வரை போய் இரண்டு மாடி இறங்க வேண்டும். சந்தைப் பைகளோடு வரும் அம்மா எப்போதும் ஒன்பதுக்குப் போவார். ஜூரோங் கப்பல் பட்டறையில் விழுந்து முழங்காலில் அடிபட்ட அப்பாவுக்கு இறங்குவதுதான் வலிக்கும் என்பதால் அவர் ஐந்தில் இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வருவார். என் தங்கைக்கு அப்போது ஐந்து வயது. லிஃப்டுக்குள் நுழைந்ததும் நுனிக்காலில் நின்று, ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவே வெறும் தகடாக இருந்த இடத்தை ஆள்காட்டி விரலால் அழுத்துவாள். "அங்க ஒண்ணும் இல்ல" என்று நான் சொல்வேன். "இருக்கணும்ல?" என்பாள். அவளைவிட நான்கு வயது மூத்தவள் நான். அப்படி ஒரு கேள்வி கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

பன்னிரண்டு வயதில் எழுதும் தேர்வில் நான் நன்றாகச் செய்து உயர்நிலைப்பள்ளியில் விரைவுநிலைக்குப் போனேன். நான்கு ஆண்டுகள் கழித்து அதே தேர்வு அவளை எல்லாவற்றுக்கும் கீழே இருந்த வழக்கநிலைத் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பியது. முடிவு வந்த அன்று வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிற்பாடு அவள் சொன்னாள். அம்மா அவளுக்குப் பிடித்த மீன்குழம்பை வைத்தார். உறவினர்கள் தொலைபேசியில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அவள் வகுப்பில் தமிழும் அடிப்படைத் தமிழாகச் சுருங்கிவிட்டது. கடிதம் எழுதவும் அறிவிப்பு வாசிக்கவும் தெரிந்தால் போதும் என்ற அளவுக்குத்தான் பாடம் இருந்தது. இன்று பள்ளிகளில் அந்தப் பிரிவுகளின் பெயர்கள் இல்லை. உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியையான நான் இன்று ஒரே வகுப்பறையில் எல்லாரையும் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சுமந்து வளர்ந்தவர்களுக்கு இப்போது முப்பது, நாற்பது வயதாகிறது. பெயரை எடுத்துவிட்டார்கள் என்பதால் அது அவர்களை விட்டுப் போய்விடவில்லை.

தங்கை தொழிற்கல்வி முடித்து லிஃப்ட் பராமரிப்பு வேலைக்குப் போனாள். அவளோடு சேர்ந்தவர்களில் பெண் அவள் ஒருத்திதான். பழைய புளோக்குகளில் எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கும்படி மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் புளோக் அவளுடைய குழுவுக்குக் கிடைக்கவில்லை, பக்கத்துப் புளோக்தான் கிடைத்தது. அதற்கே அப்பா தினமும் கீழே போய், எண்ணெய்க் கறை படிந்த சீருடையில் மகள் வேலை செய்வதை எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு வாசிக்கும் பழக்கம் எப்போது வந்ததென்று எனக்குத் தெரியாது. மதிய உணவு நேரத்தில் நூலகத்திலிருந்து எடுத்த ஆங்கில இளையர் நாவல்களைப் படிப்பாள். எல்லாமே வருங்காலத்தில் நடக்கும் கதைகள். மதில் சூழ்ந்த நகரம், மனிதர்களைப் பிரித்து வைக்கும் சீருடை நிறங்கள், பதினாறு வயதில் ஒரு சோதனை, அதில் கிடைத்த முடிவோடு வாழ்நாள் முழுக்க வாழவேண்டிய பிள்ளைகள். ஒரு நாள் என் வீட்டுச் சோபாவில் படுத்தபடி அப்படி ஒன்றை முடித்துவிட்டுச் சிரித்தாள். "எதிர்காலத்துல இப்படி நடக்கும்னு பயமுறுத்துறாங்கக்கா. எனக்குப் பன்னெண்டு வயசுலயே நடந்துருச்சே லா." நானும் சிரித்தேன். அன்று இரவு அவள் போன பிறகுதான் அந்த வாக்கியம் தைத்தது.

அதன் பிறகு ஓராண்டில் அவளே ஒன்றை எழுதினாள். தமிழில். ஏன் தமிழ் என்று கேட்டேன். அடிப்படைத் தமிழ் மட்டுமே படித்தவள் என்பதை நான் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கேள்விக்குள் அது இருந்தது. "இங்கிலீஷ்ல எழுதினா யாரோ பின்னாடி நின்னு மார்க் போடற மாதிரி இருக்கு. தமிழ்ல நான் பெயிலே ஆனதில்ல, யாரும் என்னை சரியா டெஸ்ட் பண்ணதே இல்லையே" என்றாள். லகரமும் ளகரமும் இடம் மாறிக் கிடந்த அந்தக் கைப்பிரதியைச் சிவப்புப் பேனாவோடு வாசிக்கத் தொடங்கினேன். நான்காம் பக்கத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நூறு மாடி கொண்ட ஒரே கட்டடம்தான் அவளுடைய நகரம். லிஃப்டில் சில மாடிகளுக்குப் பொத்தான் உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது. பன்னிரண்டு வயது நிறைந்த அன்று ஒவ்வொரு குழந்தையும் லிஃப்டுக்குள் தனியாக நிற்கும். கதவு எந்த மாடியில் திறக்கிறதோ அதுதான் அந்தக் குழந்தையின் மாடி. எந்திரம் தவறு செய்யாது என்று எல்லாரும் நம்புகிறார்கள். பொத்தான் இல்லாத மாடியில் பிறந்து, லிஃப்ட் தண்டவாளங்களுக்கு எண்ணெய் போடும் வேலை பார்க்கும் ஒரு பெண், ஒரு நாள் மோட்டார் அறைவரை ஏறிவிடுகிறாள். அங்கே ஒருவர் பெயர்ப்பட்டியலோடு உட்கார்ந்து, எந்தக் குழந்தைக்கு எந்த மாடி என்று பார்த்துப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார். கதைக்கு 'பொத்தான் இல்லாத மாடி' என்று பெயர் வைத்திருந்தாள்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சந்து ஒன்றில், பூக்கடைக்கு மேலே இருந்த சிறிய பதிப்பகத்திடம் நான்தான் அதைக் கொண்டுபோனேன். பதிப்பாளருக்குப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு மாற்றம் கேட்டார். கடைசியில் அந்தப் பெண் உண்மையில் நூறாம் மாடியில் பிறந்து காணாமல் போன குழந்தை என்று தெரியவந்தால் வாசகர்களுக்கு நிறைவாக இருக்கும் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. தங்கை மறுத்துவிட்டாள். "அவ கீழ பொறந்தவதான் சார். மேல பொறந்தாதான் புத்தி இருக்கும்னா அப்புறம் நான் எதுக்கு இந்தக் கதைய எழுதணும்?" பதிப்பாளர், "அப்படியே இருக்கட்டும்மா" என்றார். படியிறங்கி வரும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் நான் உண்மையில் பெருமைப்பட வேண்டிய நாள் பிறகுதான் வந்தது. அன்று நான் அவளோடு சண்டை போட்டேன்.

புத்தகம் அச்சுக்குப் போகும் நிலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் ரோட்டை ஒட்டிய தேக்காவில் ஒரு மாடியறையில் சிறிய வாசிப்பு நிகழ்ச்சி வைத்தோம். என் மாணவர்கள் பத்துப் பேர், சில பெற்றோர், விடுமுறை நாளில் அந்த அறைக்கு வழக்கமாக வாசிக்க வரும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சிலர். தங்கை முதல் அத்தியாயத்தை வாசித்தாள். மாணவர்கள், நான் பழக்கிவிட்டபடியே, குறியீடுகளைப் பற்றிக் கேட்டார்கள். பொத்தான் எதைக் குறிக்கிறது, எண்ணெய் எதைக் குறிக்கிறது. "எண்ணெய் போடலேன்னா சத்தம் வரும். அவ்வளவுதான்" என்று அவள் சொன்னதும் அறையே சிரித்தது. அப்போது பின்வரிசையில் ஒருவர் கையுயர்த்தினார். கட்டுமான வேலை பார்ப்பவர், ஊர் அறந்தாங்கி என்று முதலில் சொல்லிக்கொண்டார். அதனால் இன்றும் எங்கள் வீட்டில் அவர் அறந்தாங்கிக்காரர்தான்.

"கதை நல்லாருக்குக்கா. ஒரே ஒரு சந்தேகம். நூறு மாடின்னு சொல்றீங்க. அதைக் கட்டுனவங்க எந்த மாடியில இருக்காங்க?"

யாரோ ஒரு மாணவி சிரிப்பை அடக்கினாள். பதிப்பாளர் உதவிக்கு வந்தார். "இது கற்பனைக் கதை தம்பி."

"தெரியும்ணே. கற்பனையிலயாச்சும் ஒரு ரூம் குடுத்திருக்கலாமேன்னு கேட்டேன்" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தங்கை தாள்களை மடித்து வைத்தாள். "நான் அதை யோசிக்கவே இல்லண்ணே" என்றாள். வேறு எந்தச் சமாளிப்பும் சொல்லவில்லை.

பிடோக் போகும் ரயிலில், அச்சை நிறுத்தப் போவதாக அவள் சொன்னாள். நான் அதிர்ந்துபோனேன். அழைப்பிதழ் தயாராகிவிட்டது. இரண்டு மூன்று பள்ளிகள் அந்த ஆண்டுத் துணைவாசிப்புக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தன. எத்தனை பேரிடம் நான் பேசியிருப்பேன்! கட்டியவர்களை அடுத்த புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளலாமே என்றேன்.

"அடுத்த லிஃப்டுல வாங்கன்னு சொல்ற மாதிரி இருக்குக்கா" என்றாள்.

"ஒரு ஆள் கேட்டதுக்காகவா?"

"கேட்டது ஒரு ஆள்தான். ஆனா நான் தினமும் லிஃப்ட் குழிக்குள்ள இறங்குறேன். அந்தக் குழிய யாரு கட்டினாங்கன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் விட்டுட்டேன். என்னைய விட்டுட்டாங்கன்னு நூத்தம்பது பக்கம் எழுதிட்டு, நானே ஆள விட்டுட்டேன்."

நான் கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னேன். எழுதத் தெரியாதவளுக்கு இவ்வளவு செய்தேனே என்றேன். பெட்டியில் ஆட்கள் இருந்ததால் மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அதான் இன்னொரு தடவ எழுதறேன்" என்றாள். மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியிலேயே பதிப்பாளரை அழைத்து நிறுத்திவிட்டாள். அப்படியானால் புத்தகம் இந்த ஆண்டு வராது என்றார் அவர். சரி என்றாள். இரண்டு வாரம் நான் அவளோடு பேசவில்லை. முதல் புத்தகம், பள்ளிகளின் ஆதரவு, மேடை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, தவறு என்று பட்டதும் அவள் நிறுத்தினாள். நானாக இருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன். இதை நான் தெரிந்தே எழுதுகிறேன்.

அதன் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அவள் தேக்காவுக்குப் போனாள். கிராஞ்சித் தொழிலாளர் விடுதியிலிருந்து அறந்தாங்கிக்காரர் வருவார். உணவங்காடியில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரை வைத்துக்கொண்டு இருவரும் பேசுவார்கள். சமாதானமான பிறகு நானும் போகத் தொடங்கினேன். இருவருக்கும் பொதுவாக ஒரு உலகம் இருந்தது, அதில் எனக்கு இடமில்லை. குழியின் ஆழம், தண்டவாளத்தின் நேர்த்தி, எந்தக் கட்டடத்தில் தண்ணீர் கசியும் என்றெல்லாம் பேசிக்கொண்டே போவார்கள். ஒரு முறை அவர் தாம் கட்டிய கட்டடம் ஒன்றைத் திறந்த பிறகு பார்க்கப் போன கதையைச் சொன்னார். "வாசல்ல செக்யூரிட்டி, யாரைப் பாக்கணும்னு கேட்டாருக்கா. கட்டடத்தைப் பாக்க வந்தேன்னு சொல்ல முடியுமா? ராங் அட்ரஸ்னு சொல்லிட்டு வந்துட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. அந்தக் காட்சி கிட்டத்தட்ட அப்படியே புத்தகத்தில் இருக்கிறது.

கட்டடத்துக்கு அடியில், பூஜ்யத்துக்கும் கீழே, கட்டியவர்கள் வாழும் ஒரு தளத்தை அவள் எழுதினாள். எண்ணெய் போட இறங்கும் பெண் தற்செயலாக அவர்களைக் கண்டுபிடிக்கிறாள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரிதான்க்கா. ஆனா எல்லாரும் அழுதுக்கிட்டே இருக்காங்களே. நாங்க கிரிக்கெட்டும் ஆடுவோம். மீன் நல்லா இல்லேன்னா சமையக்காரர்கிட்ட சண்டையும் போடுவோம்." தங்கை அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மூன்றாம் முறை எழுதினாள். மாணவர்களுக்கு ஒடுக்குமுறையின் குறியீடுகள் என்று பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். ஒரு மனிதரைக் குறியீடாக ஆக்கினால் அவருக்குப் பசிக்காது, விளையாடத் தோன்றாது, கேலி பேசத் தெரியாது என்பது எனக்கு அந்த உணவங்காடி மேசையில்தான் உறைத்தது. என் தங்கைக்கு அது ஒரே வாக்கியத்தில் புரிந்துவிட்டது.

புத்தகம் மறு ஆண்டு வந்தது. முன்பு கேட்ட பள்ளிகளில் ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டது. பிறகு மெல்ல மெல்ல மற்றவையும் வந்தன. வெளியீட்டு நாளில் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அறந்தாங்கிக்காரருக்கு அன்று ஞாயிறு வேலை வந்துவிட்டது. அதனால் அடுத்த வாரம் நானும் தங்கையும் பத்துப் பிரதிகளோடு கிராஞ்சிக்கு ரயிலேறி, அங்கிருந்து பேருந்துக்கு வெகுநேரம் காத்திருந்து, விடுதி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். எதிரே ஒரு மரம், அதன் கீழ் புல்தரை. அவரும் அவரது அறைத்தோழர்கள் ஆறேழு பேரும் குளித்து, நல்ல சட்டை போட்டுக் காத்திருந்தார்கள். எங்களுக்காக ஒரு பிளாஸ்டிக் விரிப்பு விரித்து வைத்திருந்தார்கள்.

அவர் புத்தகத்தை இரண்டு கைகளாலும் வாங்கினார். நன்றிப் பக்கத்தில் தம் பெயரைப் பார்த்தார். அதைப் பக்கத்திலிருந்தவரிடம் விரலால் காட்டினார். பிறகு அடித்தள அத்தியாயத்தைத் தேடி எடுத்து உரக்க வாசிக்கத் தொடங்கினார். அதில் மேற்பார்வையாளர் ஒருவர் தினமும் காலையில் ஆட்களை எண்ணி, ஒவ்வொரு முறையும் தம்மையும் சேர்த்து எண்ணி, ஒரு ஆள் கூடுதலாக இருக்கிறதென்று பதறுவார். அந்த இடத்தில் அவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "டேய், இது நம்ம ஆளுதாண்டா!" என்று ஒருவர் கத்தினார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காதுமடல்கள் சிவந்திருந்தன. எந்தப் பரிசும் எந்த மதிப்பெண்ணும் அவளை அப்படி ஆக்கி நான் பார்த்ததில்லை.

அத்தியாயம் முடிந்தது. அறந்தாங்கிக்காரர் புத்தகத்தை மூடப்போனார். விரிப்பின் ஓரத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்து, "அப்புறம்?" என்றார்.

"அக்காங்க கிளம்பணும்டா. பஸ்ஸு வந்துரும்."

"பரவால்ல, படிங்கண்ணே" என்றாள் தங்கை.

அவர் பக்கத்தைத் திருப்பினார். சாலையில் எங்கள் பேருந்து வந்து நின்று, கதவு திறந்து மூடி, போனது. அடுத்தது வர முக்கால் மணி நேரம் ஆகும். நாங்கள் எழுந்திருக்கவில்லை.